முதல் காசு மோட்டாருக்கு, கடைசிக் காசு செயலிக்கு: புதுவை, கடலூர் அடுக்குமாடிகளுக்கான பொது வசதிக் கருவிகள்

நம் பக்கத்து அடுக்குமாடி என்றால் பெரும்பாலும் பத்து முதல் முப்பது வீடு. தரைத்தளத்தில் கார் நிறுத்தம், அதன் ஓரத்தில் சம்ப், ஒரு போர், ஒரு லிப்ட், மொட்டை மாடியில் இரண்டு மூன்று தொட்டி. லாஸ்பேட்டையானாலும் ரெட்டியார்பாளையமானாலும் கடலூர் மஞ்சக்குப்பமானாலும் அமைப்பு இதுதான். நீச்சல் குளத்துக்கு நேரம் ஒதுக்குவதும் ஜிம் கதவுக்கு முகம் காட்டுவதும் இங்கே யாருக்கும் பிரச்சினை இல்லை. தண்ணீர் ஏறியதா, மோட்டாரை யார் நிறுத்துவது, ஜெனரேட்டர் டீசல் எங்கே போகிறது, மாடி ஹால் அந்தத் தேதியில் காலியா? கேள்வி இவ்வளவுதான். 'பொது வசதி மேலாண்மை' என்று மொத்தமாக விற்கப்படும் தொகுப்பை இந்த நாலு கேள்வியை வைத்தே எடை போட்டிருக்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தானாக ஓடி நிற்கும் மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டி: வாங்குங்கள், ஆனால் விளம்பரத்தில் இருக்கும் வடிவத்தில் வேண்டாம். வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர்: புதுக் கட்டடத்துக்குச் சரி, பழையதற்குப் பெரும்பாலும் வீண். ஜெனரேட்டர் அளவி: டீசல் சண்டை இருந்தால் மட்டும். கைபேசிச் செயலி: முப்பது வீட்டுக்குக் கீழே அவசியமில்லை.

தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களில் வைக்கும் அளவு. 20 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்றால் 10,800 லிட்டர். நாலு மாடி உயரத்துக்கு மணிக்கு 3,000 லிட்டர் ஏற்றும் மோட்டார் தினமும் மூன்றரை மணி நேரம் ஓடியாக வேண்டும். வாட்ச்மேன் அரை மணி நேரம் மறந்தால் 1,500 லிட்டர் மொட்டை மாடியில் வழிந்தோடும். சம்ப் வற்றியது தெரியாமல் மோட்டார் ஓடினால், தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் சூடேறிக் கருகும். இந்த இரண்டையும் தடுக்கிற பெட்டிதான் மொத்தத் தொகுப்பிலும் காசுக்குத் தகுந்த பொருள்.

தொட்டிக்குள் போகும் பாகம்

பெட்டியின் தரத்தை முடிவு செய்வது அதன் திரையோ செயலியோ அல்ல, தொட்டிக்குள் தொங்கும் சென்சார். சந்தையில் நாலு வகை உண்டு. நம் ஊர்த் தண்ணீரில் நாலும் நாலு விதமாகக் கெடும்.

புரோப் வகை மலிவானது, அதிகம் விற்பதும் அதுதான். எவர்சில்வர் கம்பிகள் வெவ்வேறு உயரத்தில் தொங்கும். தண்ணீர் தொட்டதும் மின்னோட்டம் பாயும். பெட்டி அதை நீர்மட்டமாக எடுத்துக்கொள்ளும். கடலோர போர் தண்ணீரில் உப்பு அதிகம். தொட்டிக்குள் ஆவி ஏறி, கம்பிகளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தலையில் ஈர உப்புப் படலம் உட்காரும். அந்தப் படலமே கம்பிக்குக் கம்பி மின்சாரம் கடத்தும். தொட்டி காலியாக இருக்கும், பெட்டியோ 'நிரம்பியது' என்று சொல்லும், மோட்டார் ஓடாது. காலை ஆறு மணிக்கு வீட்டில் தண்ணீர் இல்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவினால் சரியாகும். வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். கம்பி 304 ரகமா, 316 ரகமா? உப்புத் தண்ணீரில் 304 புள்ளி புள்ளியாக அரித்துப்போகும். கம்பிக்குப் போவது ஒரே திசையில் பாயும் டிசியா, திசை மாறி மாறிப் பாயும் ஏசியா? டிசி என்றால் மின்பகுப்பில் ஒரு கம்பி தேயும், இன்னொன்றில் சுண்ணாம்பு ஏறும். இரண்டுக்கும் பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

கேபிள் மிதவை பழைய சரக்கு, ஆனாலும் நம்பகமானது. உள்ளே ஒரு சின்ன ஸ்விட்ச், மிதவை சாயும்போது சேரும் அல்லது பிரியும். எடைக் குண்டுக்கும் மிதவைக்கும் இடையில் எவ்வளவு கேபிள் விடுகிறோமோ அதைப் பொறுத்தே மோட்டார் ஓடும் மட்டத்துக்கும் நிற்கும் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் அமையும். இன்லெட் பைப்புக்கு அருகே தொங்கவிட்டால் தண்ணீர் விழும் வேகத்தில் சுற்றிக்கொள்ளும். எதிர் மூலையில் கட்ட வேண்டும். பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பல எலக்ட்ரீஷியன்கள் 230 வோல்ட்டை நேராக இந்த மிதவை வழியாக ஓட்டிவிடுகிறார்கள். கேபிள் மிதவைக்குள் நுழையும் கழுத்தில் இரண்டு மூன்று வருடத்தில் வெடிப்பு விழும். அப்போது குளிக்கிற தண்ணீருக்குள் கரண்ட் இருக்கும். மிதவைக்கு 12 அல்லது 24 வோல்ட் மட்டுமே போக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

அல்ட்ராசோனிக் சென்சார் தண்ணீரைத் தொடாது, அதனால் உப்புப் பிரச்சினை இல்லை என்பார்கள். பாதி உண்மை. தொட்டி மூடியில் பொருத்தியதும் அதன் முகத்தில் ஆவி துளியாகக் கட்டும், அளவு தாறுமாறாக ஓடும். மலிவான ரகங்கள் முதல் 20, 25 சென்டிமீட்டருக்குள் எதையும் பார்க்காது. ஆகவே நிரம்பும் மட்டத்திலிருந்து அதற்கு மேலான உயரத்தில் சென்சாரைத் தூக்கி வைக்க வேண்டும். மே மாத வெயிலில் தொட்டிக்குள் காற்றுச் சூடு ஏறினால் ஒலியின் வேகமும் மாறும். 20 டிகிரி வித்தியாசத்துக்கு ஏறத்தாழ மூன்றரை சதவீதம், அதாவது ஒன்றரை மீட்டரில் 5 சென்டிமீட்டர் பிழை. வெப்பத் திருத்தம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். எத்தனை சதவீதம் தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க இது நல்லது. மோட்டாரை நிறுத்தும் பொறுப்பை இதன் கையில் மட்டும் கொடுக்கக் கூடாது.

அடியில் கிடந்து தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும் சென்சார் நாலில் சிறந்தது, விலையும் கூட. அதன் கேபிளுக்குள் காற்றுக்குழல் ஒன்று உண்டு. அதன் மேல் முனையை இன்சுலேஷன் டேப் சுற்றி அடைத்துவிட்டால் அளவு மெல்ல விலகும். புதிதாக மாட்டுகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது.

எங்கள் பரிந்துரை: அழுத்தமோ புரோப்போ எதுவானாலும் தினசரி வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது நிறுத்தும் மட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் மேலே, 24 வோல்ட்டில், தனியாக ஒரு மிதவை போடுங்கள். முதல் சென்சார் ஏமாற்றினாலும் மிதவை மோட்டாரைத் துண்டிக்கும். இந்த இரட்டைப் பாதுகாப்பு பெட்டியோடு வராது. கேட்டுத்தான் போட வேண்டும்.

மொட்டை மாடியில் இரண்டு மூன்று பிளாஸ்டிக் தொட்டிகள் அடியில் பைப்பால் இணைந்திருந்தால் கவனம். இணைப்பு வால்வு பாதி மூடியிருந்தாலோ சேறு அடைத்திருந்தாலோ ஒரு தொட்டி வழியும்போது மற்றது காலியாக இருக்கும். நிறுத்தும் சென்சார் தண்ணீர் விழும் தொட்டியிலும், ஓடச்சொல்லும் சென்சார் கடைசித் தொட்டியிலும் இருக்க வேண்டும். 40 சதவீதத்துக்கு இறங்கினால் ஓடு, 95க்கு நில் என்று வைப்பது நல்லது. 85க்கும் 95க்கும் வைத்தால் மோட்டார் நாள் முழுக்க ஓடி ஓடி நிற்கும். ஸ்டார்ட் ஆகும் எண்ணிக்கை கூடக்கூடக் கன்டென்சர் சீக்கிரம் போகும்.

பெட்டிக்குள் பார்க்க வேண்டியவை

மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே சர்க்யூட் போர்டில் சர்க்கரைக் கட்டி அளவில் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சின்ன ஸ்விட்ச்), அதன் மேல் '30 ஆம்ப்' என்று அச்சு. மோட்டார் வயர் நேராக அதில் போகிறது என்றால் அந்தப் பெட்டி வேண்டாம். ஒன்றரை எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 9, 10 ஆம்ப்தான் எடுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்த அடியில் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு சென்சார் 'நில்' என்றாலும் மோட்டார் நிற்காது. 'பெட்டி ஆஃப் காட்டுது, மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு' என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ரிலே, வெளியே இருக்கும் பெரிய ஸ்விட்சான கான்டாக்டரின் சுருளை மட்டும் இயக்க வேண்டும். மோட்டார் லோடு கான்டாக்டரில் ஓட வேண்டும். கான்டாக்டரில் மோட்டாருக்கான ஏசி-3 என்ற வரிசையில் போட்டிருக்கும் ஆம்பைத்தான் பார்க்க வேண்டும், ஹீட்டர் போன்ற லோடுக்கான ஏசி-1 வரிசையில் இருக்கும் பெரிய எண்ணை அல்ல. 10 ஆம்ப் மோட்டாருக்கு ஏசி-3யில் 18 ஆம்ப் போட்டால் பல வருடம் உழைக்கும்.

மாலையில் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் கான்டாக்டர் படபடவென்று அடித்துக்கொள்ளும், முனைகள் பொரிந்துபோகும். 180க்குக் கீழே, 260க்கு மேலே துண்டிக்கும் வசதி வேண்டும். கரண்ட் வந்ததும் மூன்று நிமிடம் பொறுத்து ஓடும் தாமதமும் வேண்டும். இல்லாவிட்டால் லிப்டும் எல்லா வீட்டு ஏசியும் மோட்டாரும் ஒரே நொடியில் இழுக்கும்.

வறட்டு ஓட்டத்தைக் கண்டுபிடிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. தண்ணீர் இல்லாமல் ஓடும்போது மோட்டார் குறைவான ஆம்ப் எடுக்கும், அதை வைத்து நிறுத்துகிறோம் என்பார்கள். த்ரீ பேஸ் மோட்டாரில் அது சரியாக வேலை செய்யும். சிங்கிள் பேஸில் ஆம்ப் அதிகம் குறையாது. பவர் ஃபேக்டரையோ (இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலைக்குப் போகிறது என்ற எண்) வாட்டையோ பார்க்கும் பெட்டிதான் நிச்சயமாகப் பிடிக்கும். ஆம்ப் வகைதான் கிடைத்தது என்றால், தண்ணீர் முழுதாக ஏறும்போது எவ்வளவு என்று அளந்து, அதில் 80 சதவீதத்துக்குக் கீழே பத்து நொடி இருந்தால் நிறுத்தும்படி வையுங்கள். மேல்வரம்பு 115, 120 சதவீதம், அதைத் தாண்டினாலும் நிற்க வேண்டும். போருக்கு என்றால் நின்ற பிறகு ஊற்று ஏற அரை மணியிலிருந்து ஒரு மணி வரை அவகாசம் கொடுங்கள். சம்ப்பில் ஃபுட் வால்வுக்கு (உறிஞ்சும் பைப்பின் அடியில் இருக்கும் ஒருவழி வால்வு) மேல் 30 சென்டிமீட்டராவது தண்ணீர் நிற்கும்போதே துண்டித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சுழல் விழுந்து காற்றை இழுக்கும். தண்ணீர் இருந்தும் திரும்பத் திரும்ப வறட்டு ஓட்டம் என்று நின்றால் பெட்டியைத் திட்ட வேண்டாம். ஃபுட் வால்வு கசிந்து பைப் காலியாகியிருக்கும்.

த்ரீ பேஸ் போர் மோட்டாருக்கு பேஸ் வரிசை பார்க்கும் ரிலே கட்டாயம். புயலுக்குப் பிறகு லைன் இழுத்துக் கட்டும்போது இரண்டு பேஸ் இடம் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். சத்தம் வரும், தண்ணீர் மட்டும் சரியாக ஏறாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டிக்கு வெளியே 'தானாக, நிறுத்து, கையால்' என்று மூன்று நிலை திருகு ஸ்விட்ச். பெட்டி செத்தாலும் தண்ணீர் ஏற்ற வழி வேண்டும். இது இல்லாமல் தொடுதிரை மட்டும் வைத்த பெட்டிகள் விற்கின்றன. அழகாகத்தான் இருக்கின்றன.

கடலும் மழையும்

உப்புக் காற்றில் இரும்புத் தகடுப் பெட்டி எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் ஓரத்தில் துருப்பிடிக்கும். பாலிகார்பனேட் பெட்டி, தூசியும் தண்ணீர்ப் பீச்சலும் புகாத ஐபி65 தரம், கேபிள் நுழைவு கீழ்ப்பக்கம், துளைக்குத் துளை கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டு, சர்க்யூட் போர்டின் மேல் பூச்சு. இவ்வளவும் எழுதி வாங்க வேண்டும். கிளாண்டு போடாத துளை வழியாகப் பல்லியும் எறும்பும் போகும். கான்டாக்டரின் இளஞ்சூடு எறும்புக்குப் பிடிக்கும். முனைகளுக்கு நடுவில் எறும்பு நசுங்கினால் இணைப்பு சேராது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் குளமாயின. அப்படித் தண்ணீர் நிற்கும் தெருவில் கார் நிறுத்தச் சுவரில் இடுப்பு உயரத்தில் பெட்டி மாட்டுவது காசைத் தண்ணீரில் போடுவது. ஒன்றரை மீட்டருக்கு மேல், முடிந்தால் முதல் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில். சம்ப் மூடி தரையோடு தரையாக இருந்தால் தெருத் தண்ணீர் உள்ளே போகும், சென்சார் அதை 'சம்ப் நிரம்பியது' என்று மகிழ்ச்சியாகக் காட்டும். மூடிக்கு அரை அடி கட்டை கட்டுவது எந்தச் சென்சாரையும்விட மலிவு. சம்ப்புக்குள் சப்மெர்சிபிள் இருந்தால் 30 மில்லி ஆம்ப் கசிவுத் துண்டிப்பானும் சரியான எர்த்தும் இல்லாமல் யாரையும் கழுவ இறக்கக் கூடாது. மெயினை அணைத்துவிட்டுத்தான் இறக்க வேண்டும்.

வயர்லெஸ் பற்றி. கீழ்ச் சம்ப்புக்கும் மொட்டை மாடிக்கும் நடுவில் ஐந்து கான்கிரீட் தளம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதைத் தாண்டத் திணறும். 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை இந்தியாவில் உரிமம் தேவைப்படாத அலைவரிசை. அதில் இயங்கும் லோரா வகை (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் போகும் வயர்லெஸ்) எளிதாகத் தாண்டும், ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்குள் அடைக்காதவரை. மொட்டை மாடியில் செய்தி அனுப்பும் மேல் அலகு சோலார் பேட்டரியில் ஓடினால் பேட்டரி வெயிலில் வேகாமல் நிழலில் இருக்கட்டும். புதுக் கட்டடம் என்றால் இந்த வம்பே வேண்டாம்: நாலு கோர் கேபிளைத் தனி பிவிசி பைப்பில் இறக்கிவிடுங்கள். மோட்டார் வயரோடு ஒரே பைப்பில் போட்டால் தூண்டல் வோல்டேஜில் பொய் அளவு காட்டும்.

மாட்டிய அன்றே, பணம் கொடுக்கும் முன், இப்படிச் சோதியுங்கள். ரௌட்டரை அணையுங்கள், மோட்டார் வழக்கம்போல் ஓடி நிற்க வேண்டும். மெயினை அணைத்துப் போடுங்கள்; வைத்த அளவுகள் அழியக் கூடாது. மேல் அலகின் பேட்டரியைக் கழற்றுங்கள். செய்தி வராவிட்டால் சில நிமிடத்தில் மோட்டார் நிற்க வேண்டும், தொடர்ந்து ஓடினால் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். மோட்டார் ஓடும்போது டெலிவரி வால்வையோ சக்ஷனையோ கொஞ்சம் மூடி எச்சரிக்கை வருகிறதா பாருங்கள். மேல் மிதவையைக் கையால் தூக்குங்கள், மோட்டார் நிற்க வேண்டும்.

தண்ணீர் மீட்டர்

'யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்களோ அவ்வளவு கட்டட்டும்' என்பது நியாயமான பேச்சு. சிக்கல் பைப்பில் இருக்கிறது. நம் ஊர்ப் பழைய அடுக்குமாடிகளில் மொட்டை மாடியிலிருந்து ஒவ்வொரு குளியலறைக்கும் அடுக்களைக்கும் தனித்தனி பைப் இறங்கும். ஒரு வீட்டுக்கு மூன்று நாலு நுழைவு. இருபது வீட்டுக்கு இருபது மீட்டர் என்று கொட்டேஷன் வரும், வேலை தொடங்கும்போது எழுபது என்று தெரியும். முதலில் பிளம்பரை வைத்து நுழைவுகளை எண்ணுங்கள். வீட்டுக்கு இரண்டுக்கு மேல் என்றால் இந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

எண்ணிக்கை சரியாக வந்தால் அடுத்தது ரகம். சக்கரம் சுற்றும் மீட்டர் மலிவு. சுண்ணாம்பும் இரும்புக் கறையும் ஏறினால் மெதுவாகச் சுற்றும், அசோசியேஷனுக்கு நட்டம். தொட்டி காலியாகி மீண்டும் நிரம்பும்போது பைப்பில் காற்று தள்ளப்படும், சக்கரம் காற்றுக்கும் சுற்றும். அதில் வீட்டுக்காரருக்கு நட்டம். அல்ட்ராசோனிக் மீட்டரில் அசையும் பாகம் இல்லை. ஆனால் பல ரகங்களுக்கு முன்னும் பின்னும் வளைவில்லாத நேர்ப் பைப் தேவை, அந்த இடம் பைப் இறங்கும் நம் டக்டுகளில் கிடைப்பதில்லை. எந்த ரகமானாலும் சொட்டும் குழாயைச் சரியாகப் பதியாது. ஆகவே எல்லா வீட்டுக் கணக்கையும் கூட்டினால் மொத்த மீட்டர் எண் வராது. அந்த வித்தியாசத்தை யார் ஏற்பது என்று பொதுக்குழுவில் முதலிலேயே தீர்மானம் போட்டுவிட்டு மாட்டுங்கள். வீட்டு மீட்டர் இல்லாவிட்டாலும் போருக்கு ஒன்று, லாரித் தண்ணீர் ஊற்றும் வாய்க்கு ஒன்று போடுங்கள். 12,000 லிட்டர் லாரி எத்தனை லிட்டர் ஊற்றுகிறது என்று தெரிந்துவிடும்.

மற்றவை

ஜெனரேட்டரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரம்புக் கருவி போடலாம். 500 வாட் தாண்டினால் துண்டித்து, சற்று நேரத்தில் தானாகச் சேர்க்கும். நல்ல பொருள். டீசல் அளவு காட்டும் சென்சாரைவிட, ஓடிய மணிக்கணக்கும் உற்பத்தியான யூனிட்டும் காட்டும் மீட்டர் பயன்படும். ஓரளவு லோடில் யூனிட்டுக்கு லிட்டரில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு டீசல் போகும். லோடு மிகக் குறைவாக இருந்தால் இன்னும் கூடும், அதற்காக வாட்ச்மேனைச் சந்தேகிக்காதீர்கள். லிப்டுக்கு, கரண்ட் போனால் அடுத்த மாடியில் நிறுத்திக் கதவு திறக்கும் மீட்புக் கருவி இருக்கிறதா என்பதோடு, அதன் பேட்டரியை இரண்டு மூன்று வருடத்தில் மாற்றினார்களா என்றும் பாருங்கள். மாதம் ஒருமுறை மெயினை அணைத்துச் சோதித்தால் போதும்.

கடலூர்க்காரர்களுக்கு ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் பொது மோட்டார், விளக்கு, லிப்ட் ஓடும் மீட்டருக்கு 1டி என்ற தனிக் கட்டண வகை. 10 வீட்டுக்கு மிகாமல், 3 மாடிக்கு மிகாமல், லிப்ட் இல்லாத கட்டடங்களுக்குக் குறைந்த கட்டணம் 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. சின்னக் கட்டடத்தில் பிறகு லிப்ட் வைக்கத் திட்டமிட்டால் இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். புதுவைக்கு இது பொருந்தாது, அங்கே மின்சார ஒழுங்குமுறை ஆணையமே வேறு.

கடைசியாகச் செயலி. பெங்களூரில் பிறந்த மைகேட், அடா, நோபுரோக்கர்ஹுட் எல்லாம் வாசலில் காவலர் மாறி மாறி நிற்கும் நூற்றுக்கணக்கான வீடுகளை மனத்தில் வைத்துச் செய்தவை. வருகிறவரைப் பதிவு செய்வது அவற்றின் உயிர். வாட்ச்மேன் ஒருவரே மோட்டாரும் போட்டு, செடிக்குத் தண்ணீரும் விட்டு, கேட்டையும் பார்க்கும் கட்டடத்தில் அந்தக் கைபேசி சார்ஜ் இல்லாமல் மேசையில் கிடக்கும். பதினாறு வீட்டுக்கு ஒரு கூகுள் ஷீட், ஒரு யுபிஐ கியூஆர், ஒரு வாட்ஸாப் குழு போதும். ஹால் முன்பதிவுக்கும் அதே ஷீட்: தேதி, காலையா மாலையா, முன்பணம், சுத்தம் செய்ய இரண்டு மணி நேர இடைவெளி. தை, ஆவணி முகூர்த்த நாளில் வளைகாப்புக்கும் காதுகுத்துக்கும் ஒரே தேதியை இருவர் கேட்பார்கள். முன்பணம் வந்தால்தான் பதிவு என்று விதி இருந்தால் சண்டை இல்லை.

முப்பது வீட்டுக்கு மேல், இரண்டு கேட், ஷிப்ட் காவலர் என்றால் செயலி வாங்கலாம். காவலர் பார்க்கும் திரை தமிழில் வருகிறதா என்று அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர் வீட்டுக்கு இன்டர்காம் அழைப்பு போகிறதா என்றும் பாருங்கள். வருகிறவர்களின் எண்ணும் படமும் எத்தனை நாள் வைக்கப்படும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இது வெறும் சம்பிரதாயக் கேள்வி அல்ல. மெயின்டனன்ஸ் பாக்கி, ரசீது, புகார்ப் பதிவு எல்லாம் எக்செல் கோப்பாக இறங்குகிறதா என்பதைச் சோதனைக் காலத்திலேயே ஒருமுறை இறக்கிப் பாருங்கள். ஒப்பந்தம் முடியும் நாளில் அந்தக் கோப்பு கையில் வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.